முதிர்ந்த மேப்பிளிலிருந்து போன்சாய்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

தென் லண்டனில் என் வீட்டுப் பின்புறத்தில் 14 ஆண்டுகளாக ஒரு ஜப்பானிய மேப்பிள் இருக்கிறது. வேறொரு வீட்டுத் தோட்டத்தில் நான்கு மீட்டர் உயரத்துக்கு நின்ற மரம் அது. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அதை வெட்டப்போவதாகத் தெரிந்ததும் கேட்டு வாங்கி, தோண்டி எடுத்து வந்தேன். வெட்டிக் குறுக்கித் தொட்டியில் போன்சாயாக, அதாவது குட்டை மரமாக, வளர்த்ததில் இன்று அதன் உயரம் 48 சென்டிமீட்டர். அடிமரத்தின் குறுக்களவு 11 சென்டிமீட்டர். பக்கத்தில், ஒரு பழைய வேலியிலிருந்து எடுத்த, ஃபீல்டு மேப்பிள் என்ற வேறொரு மேப்பிள் வகை மரங்கள் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அது போன விதத்தைக் கீழே சொல்கிறேன். (பிரிட்டனில் நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றிக் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை இருக்கிறதா என்பதையும் உள்ளூராட்சியிடம் கேட்டுவிட்டே மண்வெட்டியை எடுங்கள்.)

முதிர்ந்த மரத்தில் பருமன் முன்பே இருக்கிறது. கீழிருந்து மேலே போகப்போகச் சிறுக்கும் வடிவமும், தொட்டிக்குள் அடங்கும் வேரும், தழும்பு தெரியாத பட்டையும்தான் இல்லை. அவற்றை உண்டாக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். இந்தக் காலம் முழுவதும் நம்மைக் குழப்புவது ஒன்றுதான்: மரம் தாமதமாகவே எதையும் காட்டும். இன்று கண்ணில் படும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் போன ஆண்டு நாம் செய்த வேலை. அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் நான் முதலில் புரட்டுவது கடந்த 18 மாதக் குறிப்பேட்டை. எந்தத் தேதியில் வெட்டினேன், எப்போது தொட்டி மாற்றினேன், உரம் எப்போது வைத்தேன், உறைபனி என்றைக்கு இறங்கியது என்று எழுதி வைக்காதவர் இன்றே தொடங்கிவிடுங்கள்.

எதற்கும் முன்னால் மூன்று சோதனைகள்

நுனிக்கிளையில் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் சற்றுக் கீழே கீறுங்கள், பச்சை வரும்வரை இறங்குங்கள். எங்கே பச்சை தொடங்குகிறதோ அங்கே ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் காய்வு அந்த நூலைத் தாண்டி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது உதவும்.

அடுத்து, தொட்டியில் நீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் மண்ணுக்குள் இறங்கி அடித்துளையில் வடிய வேண்டும். மேலே குளமாக நின்றால், அகடாமா மண் (போன்சாய்த் தொட்டிக்குப் போடும் ஜப்பானியக் களிமண் குருணை) நொறுங்கிச் சேறாகிவிட்டது. உறைந்து உறைந்து இளகும் குளிர்காலம் இரண்டு மூன்று கடந்தால் அது நொறுங்கத்தான் செய்யும். கோளாறு என்று சொல்லப்படுபவற்றில் பாதி இந்த வடிகால் அடைப்பில் முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால், காற்று வீசும் ஒவ்வொரு முறையும் புது வேர்முனைகள் அறுந்துகொண்டிருக்கின்றன. கம்பியால் தொட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள்.

தோண்டி எடுத்த மரம் மே மாதம் ஆகியும் துளிர்க்கவில்லை

நகத்தால் கீறிய இடத்தில் பச்சை தெரிந்தால் காத்திருங்கள். என் மரம் முதலாண்டு ஜூன் 20-க்குப் பிறகுதான் கண் திறந்தது. அதுவும் மொட்டு ஏதும் இல்லாதிருந்த பழைய பட்டையைப் பிளந்துகொண்டு, குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகளாக வந்தது. அதுவரை நான் கொடுத்தவை நிழல், காற்றுக்கு ஒரு மறைப்பு, காலையில் அடிமரத்தின் மீது ஒரு தெளிப்பு நீர் ஆகியவை மட்டுமே. உரம் கூடாது. வேரில்லாத மரத்தால் அதை எடுக்க முடியாது. மண்ணில் தேங்கும் உப்பு, புதிதாகக் கிளம்பும் வேரைக் கருக்கிவிடும்.

மொட்டு விரிந்து இலை இரண்டு அங்குலம் வந்தபின் திடீரென்று தொங்கிப்போவது வேறு வகை. முதல் துளிர், போன ஆண்டு அடிமரத்தில் சேர்ந்திருந்த மாவுச்சத்தைக் கொண்டு வருவது. வேர் பிடித்துவிட்டது என்பதற்கு அதை அடையாளமாகக் கொள்ளக் கூடாது. புதியவர்கள் பலர் அந்தத் துளிரைப் பார்த்து மகிழ்ந்து, மரத்தை வெயிலுக்கு நகர்த்தி, அங்கேதான் இழக்கிறார்கள். தொங்கும் இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு, ஒளி புகும் பிளாஸ்டிக் உறையால் மூடி, நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஜூலை வாக்கில் இரண்டாவது துளிர் வந்தால் வேர் ஓடியிருக்கிறது. அதன் பிறகு உரம் தொடங்கலாம். கவாத்து அடுத்த ஆண்டும் வேண்டாம்.

மீண்டும் இப்படி நேராமல் இருக்க, மொட்டுகள் வீங்கி இன்னும் விரியாத சில வாரங்களில் தோண்டுங்கள். எங்கள் பக்கம் அது பிப்ரவரிக் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. தாய்மண் முழுவதையும் ஒரே நாளில் கழுவிவிடாதீர்கள். ஒரு பாதியை இப்போதும் மறுபாதியை இரண்டு மூன்று ஆண்டு கழித்து அடுத்த தொட்டி மாற்றத்திலும் எடுக்கலாம்.

வெட்டிய இடத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது

குளிர்காலக் கடைசியில் வெட்டியிருக்கிறீர்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில் மேப்பிளுக்குள் சாறு அழுத்தத்தோடு ஏறி நிற்கும். கனடாவில் சர்க்கரை மேப்பிளில் துளையிட்டுப் பாகு காய்ச்சச் சாறு இறக்குவதும் அந்த நாட்களில்தான். பார்க்கப் பதற்றமாக இருக்கும், ஆனால் நலமான மரம் இதனால் சாவதில்லை. ஈரத்தின் மேல் காயப்பசை ஒட்டாது, ஒட்டினாலும் உள்ளே நீர் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். விட்டுவிடுங்கள், இலை விரிந்ததும் நின்றுவிடும். பெரிய வெட்டுகளை இனி ஜூன் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலை முற்றித் தோல்போல ஆனபிறகு வெட்டினால் சொட்டாது, விளிம்பும் உடனே ஆறத் தொடங்கும்.

வெட்டுக்குக் கீழே பட்டை கறுத்துக் குழிகிறது; காயம் மூடவே இல்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதிர்ந்த மேப்பிளில் பத்து ஆண்டு உழைப்பை வீணாக்குவதும், மிக அழகாக மீட்க முடிவதும் இந்த ஒன்றுதான்.

மொட்டோ கிளையோ இல்லாத தண்டை மேப்பிள் காப்பாற்றுவதில்லை. வெட்டிய இடத்திலிருந்து, உயிருள்ள அடுத்த கிளை வரைக்கும் கீழே காய்ந்துகொண்டே வரும். நான் முதல் ஃபீல்டு மேப்பிளில் செய்த பிழை, மனதில் வரைந்திருந்த சாய்வுக் கோட்டிலேயே முதல் நாளே ரம்பத்தை வைத்ததுதான். அந்தக் கோட்டின் தாழ்ந்த முனைக்கு அருகே ஒரு மொட்டும் எழவில்லை. அடுத்த வசந்தத்தில் அந்தப் பக்கப் பட்டை ஒரு கை நீளத்துக்கு உள்வாங்கிவிட்டது. சரியான வழி இரண்டு வெட்டு. முதலில் வேண்டிய இடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே நேராக வெட்டி விடுங்கள். அந்த ஆண்டு மரம் எங்கே துளிர்க்கிறது என்று பாருங்கள். அடுத்த ஜூனில், தலைமைத் தண்டாக நீங்கள் தேர்ந்த துளிருக்கு எதிர்ப்பக்கமாகச் சரிவு இறங்கும்படி இரண்டாவது வெட்டைப் போடுங்கள்.

ஏற்கெனவே குழிந்துவிட்டதா? கூர்மையான கத்தியால் கறுத்த பட்டையின் ஓரத்தைச் சுரண்டிப் பச்சை விளிம்பைக் கண்டுபிடியுங்கள். அந்த விளிம்பைச் சுற்றிலும் சுத்தமான கோடாக வெட்டி, பசை பூசுங்கள். காய்ந்த கட்டையின் மேல் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகக் கடுகளவு புள்ளிகள் வந்திருந்தால் அது பவளப்புள்ளிப் பூஞ்சை. புள்ளி தெரியும் இடத்தோடு நிற்காமல் நல்ல கட்டை வரும்வரை வெட்டியெடுத்து, வெட்டியதைத் தோட்டத்தை விட்டே அகற்றுங்கள்.

இனி மூடாத காயம். ஜப்பானிய மேப்பிளில் எனக்கு 6 சென்டிமீட்டர் அகலக் காயம் ஒன்று இருந்தது. முதல் இரண்டு கோடையில் விளிம்பைச் சுற்றி வெண்பச்சையாகத் தசை (காயத்தை மூட மரம் வளர்க்கும் புதுத் திசு) உருண்டு வந்தது, உதடு தடித்தாற்போல. அதோடு நின்றுவிட்டது. காரணம், உருண்ட தசையின் மேல்தோல் முற்றிப் பட்டையாகிவிட்டால் அது மேலே நகரத் தயங்கும். மே கடைசியில் சவரக் கத்தியால் அந்த உதட்டின் உள்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் சீவினேன். உள்ளிருந்த பச்சை ஈரத்தோடு பளபளத்தது. காயத்தின் நடுக்கட்டையைச் சற்றுக் குழிவாகக் குடைந்து, முழுவதையும் பசையால் மூடினேன். அதைவிட முக்கியமானது, காயத்துக்குச் சற்று மேலே இருந்த ஒரு கிளையைத் தொடாமல் ஒன்றரை மீட்டர் ஓடவிட்டேன். அந்தக் கிளையின் இலைகள் அனுப்பும் உணவு காயத்தின் ஓரத்தைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும்; போகும் வழியில் விளிம்பு தடிக்கும். இதையே ஆண்டுதோறும் செய்தேன். ஒன்பதாவது ஆண்டில் காயம் துவரம்பருப்பு அளவாயிற்று. பதினோராம் ஆண்டு இரண்டு உதடுகளும் கூடின. நடுவே இன்னும் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது, அதன் மேல் விரலை ஓட்டிப் பார்க்காமல் நான் தோட்டத்தைக் கடப்பதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், மேப்பிளின் அழகு குளிர்காலத்தில்தான் முழுமையாகத் தெரியும். 1934-இல் தொடங்கிய கொகுஃபு போன்சாய்க் கண்காட்சி இப்போது பிப்ரவரி மாதத்தில் டோக்கியோவின் உயேனோவில் நடக்கிறது. மேப்பிள்களை அங்கே இலையில்லாமல் வைப்பார்கள். ஒவ்வொரு தழும்பும் ஒவ்வொரு கிளைப்பொருத்தும் கண்ணுக்கு நேராக நிற்கும்.

வெட்டிய தலையில் கொத்தாகத் துளிர்த்து, அந்த இடம் முட்டியாக வீங்குகிறது

பத்துப் பதினைந்து துளிர்கள் ஓரிடத்தில் வந்து அனைத்தையும் விட்டுவைத்தால், அந்த இடம் கீழ்த்தண்டைவிடப் பருத்துவிடும். மேலே சிறுக்க வேண்டிய மரம் மேலே தடித்து நிற்கும். ஜூன் முடிவதற்குள் தலைமைத் தண்டுக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அடியோடு நீக்குங்கள். வீங்கிவிட்டால் மழுப்ப வழியில்லை. முட்டியைக் குடைந்தெடுத்து மறுபடி வளர்க்க வேண்டும், மூன்று ஆண்டு போகும்.

தலைமைத் தண்டை ஆண்டுதோறும் வெட்டிக் குட்டையாக்குகிறவர்களுக்கும் வடிவம் வராது. கீழ்த்தண்டின் பருமனில் பாதிக்கு மேல் வரும்வரை அதைத் தொடாமல் ஓடவிட்டு, பிறகு ஒரேயடியாக வெட்டுங்கள். அதன் மேல் அடுத்த தண்டு. என் மரத்தில் இப்படி மூன்று அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு ஆண்டு பிடித்தது.

வேர் ஒரே பக்கம் இருக்கிறது. அல்லது ஒட்டுப்போட்ட இடம் புடைத்து நிற்கிறது

தோட்டத்துக்கென விற்கப்படும் பெயருள்ள ஜப்பானிய மேப்பிள் வகைகள் பெரும்பாலும் நாற்றின் மேல் ஒட்டுக்கட்டியவை. முதிர்ந்தபின் ஒட்டுக்கு மேலும் கீழும் பட்டையின் நிறமும் பருமனும் வேறுபடும். அதைக் கவாத்தால் மறைக்க முடியாது. ஒட்டுக்கு மேலே விண்பதியம் போட்டு, அதாவது மரத்தில் இருக்கும் தண்டிலேயே வேர்விடச் செய்து, புதிய வேர்வட்டத்தை உண்டாக்குவதே நல்ல வழி. மேப்பிள் விண்பதியத்துக்கு நன்றாக இசையும் மரம்.

இலை முற்றியபின், மே கடைசி அல்லது ஜூனில், தண்டின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கு அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரியுங்கள். உரித்த கட்டையை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பு இருந்தால், புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய வளர்படலம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கத்தியின் முதுகால் சுரண்டி, சொரசொரப்பாக உலர்ந்த கட்டை தெரியும்வரை எடுங்கள். மேல்விளிம்பில் வேர்த்தூண்டிப் பொடி தடவி, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியைக் கட்டி, பிளாஸ்டிக்கால் சுற்றி, மேலே வெயில் படாமல் மூடுங்கள்.

இதில் ஏற்படும் கோளாறுகளைப் பிரித்து அறியலாம். பத்து வாரம் கழித்தும் வேரே இல்லை, மரமோ செழிப்பாக இருக்கிறது என்றால், எங்கோ ஓர் ஓரத்தில் பட்டை பாலம் கட்டிவிட்டது. பிரித்துப் பாருங்கள், ஒரு தீக்குச்சி அகலமே போதும். அதை வெட்டிச் சுரண்டி மறுபடி கட்டுங்கள். மேல்விளிம்பில் வெண்மையாகக் கட்டிகட்டியாகத் தசை மட்டும் வந்திருந்தால் அது தோல்வி இல்லை, பாசியின் ஈரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பொறுத்திருங்கள். பாசி சொட்டச்சொட்ட இருந்தால் வேர் வராது. வளையத்துக்கு மேலே இலைகள் ஆகஸ்டிலேயே சிவந்துபோனால் அஞ்ச வேண்டாம். சர்க்கரை கீழே இறங்க வழியின்றி மேலே தேங்குவதால் வரும் நிறம் அது. வேர்கள் வெண்மை மாறிப் பழுப்பேறிக் கிளைவிட்ட பிறகு அறுத்தெடுங்கள். செப்டம்பருக்குள் அப்படி ஆகவில்லையானால் அடுத்த வசந்தம் வரை விடுவது நல்லது.

மரம் முழுவதும் நன்றாக இருந்து ஒரு பக்கம் மட்டும் வேரில்லை என்றால் விண்பதியம் வேண்டாம். அந்த இடத்தில் வேரோடு இருக்கும் இளநாற்றை அடிமரத்தோடு சேர்த்துக் கட்டி நெருக்கு ஒட்டாகப் பொருத்துங்கள். ஜப்பானிய மேப்பிளுக்கு ஜப்பானிய மேப்பிள் நாற்று, ஃபீல்டு மேப்பிளுக்கு ஃபீல்டு மேப்பிள் நாற்று.

இலையோரம் கருகுகிறது, இலை மஞ்சளாகிறது

காற்று வரும் பக்கத்து இலைகள் மட்டும் கருகினால் காற்றும் வெயிலும், இடத்தை மாற்றுங்கள். எல்லா நுனியும் ஒரே சீராகக் கருகி, மண்மேல் வெண்மையாகப் பொருக்குப் பூத்திருந்தால் உரத்தின் உப்பு. நிறைய நீர் ஊற்றிக் கழுவி, உரத்தை நிறுத்துங்கள். நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. லண்டன் குழாய் நீர் சுண்ணாம்பு கலந்த கடின நீர். மண்ணில் இரும்பு இருந்தாலும் அந்தக் காரத்தில் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. கூரையிலிருந்து மழைநீர் பிடிக்கும் பீப்பாய் ஒன்று வைத்தேன்; அடுத்த துளிரே பச்சையாக வந்தது. அவசரத்துக்குக் கரையும் வடிவில் உள்ள இரும்பு மருந்து கொடுக்கலாம்.

ஏப்ரல், மே மாதத்தில் ஒரே இரவில் இளந்தளிர் கறுத்துத் தொங்கினால் பிந்திய உறைபனி. மரம் மறுபடி துளிர்க்கும். துளிர் சுருண்டு பிசுபிசுத்தால் அசுவினி, நீரைப் பீய்ச்சியடித்தால் போதும். கோடைக் கடைசியில் வெண்சாம்பல் படர்ந்தால் சாம்பல் நோய். உதிர்ந்த இலையைப் பொறுக்கிக் காற்றோட்டம் கொடுங்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, கிளை வாடுகிறது

முதலில் இலையோரத்தைப் பாருங்கள். டிக்கெட் கிழித்தாற்போல அரைவட்டக் கடிகள் இருந்தால் கூன்வண்டு இரவில் வந்து தின்கிறது. அதன் வெண்புழுக்கள் கீழே வேரைத் தின்றுகொண்டிருக்கும். மண்ணைத் தோண்டினால் பழுப்புத் தலையோடு வளைந்து கிடக்கும். செப்டம்பரில், மண் இன்னும் குளிராத நாட்களில், புழுவைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களை நீரில் கலந்து ஊற்றுவது நன்றாகக் கேட்கிறது.

கடி இல்லை, வடிகாலும் சரி, ஆனால் நடுக்கோடையில் ஒரு கிளை மட்டும் இரண்டொரு நாளில் வாடித் தொங்குகிறது என்றால் அந்தக் கிளையைக் குறுக்கே வெட்டி முகத்தைப் பாருங்கள். வெண்மையாக இருக்க வேண்டிய கட்டையில் பச்சை கலந்த பழுப்புக் கறை வளையமாகவோ புள்ளிகளாகவோ தெரிந்தால் அது வெர்டிசீலியம் வாடல். என் மூன்றாவது ஃபீல்டு மேப்பிள் இதில்தான் போயிற்று. எட்டு ஆண்டு வளர்த்த மரம். முதல் ஆண்டு ஒரு கிளை, மறு ஆண்டு இரண்டு, அதற்கு அடுத்த ஜூலையில் தலைமைத் தண்டு. இதற்கு மருந்து கிடையாது. மண்ணில் தங்கும் பூஞ்சை வேர் வழியாக ஏறி நீர்க்குழாய்களை அடைக்கிறது. வேறு ஏதாவது காரணமாக இருக்கும் என்று நான் ஒரு கோடை முழுவதும் என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன்; அதற்குள் அதே கத்தரிக்கோலால் பக்கத்து மரங்களையும் தொட்டிருந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கறை தெரிந்த அன்றே மரத்தைத் தனியே நகர்த்துங்கள், கருவிகளைச் சாராயக் கரைசலில் துடையுங்கள், அந்த மண்ணை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். நோயை முற்றவிடாமல் அடக்கி வைத்துக்கொண்டே சில மரங்கள் பல ஆண்டு வாழ்வதும் உண்டு. வைத்துக்கொள்வதானால் தொலைவில் வையுங்கள்.

கணுவிடை நீள்கிறது, இலை பெரிதாகிறது, உட்கிளைகள் காய்கின்றன

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: மரம் நுண்கிளைகளைச் செம்மையாக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டதா? அடிமரமும் முதற்கிளைகளும் முடியவில்லை என்றால் நீண்ட கணுவிடைதான் வேண்டும், அதுதான் பருமனைத் தரும். முடிந்துவிட்டது என்றால் இலை முற்றும்வரை தழைச்சத்து உரத்தை நிறுத்திவையுங்கள். முதல் இணை இலை விரியும்போதே நடுவில் நிற்கும் பட்டுப்போன்ற குருத்தைச் சிறு இடுக்கியால் கிள்ளுங்கள். இரண்டு நாள் தாமதித்தால் கணு நீண்டுவிடும். மேப்பிளில் இலைகள் எதிரெதிர் இணையாக வருவதால், வெளிப்புறம் உள்ள அடர்ந்த பகுதிகளில் ஒவ்வோர் இணையிலும் ஓர் இலையை ஜூனில் எடுத்துவிடுங்கள். உள்ளே வெளிச்சம் இறங்கும், உட்கிளை பிழைக்கும். எல்லா இலைகளையும் ஒரேயடியாக எடுத்துவிடும் முழு இலையுதிர்ப்பை வலுவான மரத்துக்கு மட்டும் செய்யுங்கள். அந்த ஆண்டு தொட்டி மாற்றியதற்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குள் வைத்த மரம் சோர்கிறது

மேப்பிளுக்குக் குளிர்கால உறக்கம் கட்டாயம். சூடேற்றிய அறையிலும், சென்னை போன்ற சமவெளி வெப்பத்திலும் அந்த உறக்கம் கிடைக்காது. மரம் சில பருவங்களில் தேய்ந்துவிடும். அங்கே ஆலும் புளியும் இதே நுட்பங்களுக்கு நன்றாக வளைந்துகொடுக்கும். குளிர்நாட்டில் எதிர்ப்பக்க ஆபத்து: நிலத்தில் தாங்கும் குளிரைத் தொட்டியில் வேர் தாங்காது. கடும் உறைபனி இரவுகளில் தொட்டியைத் தரையில் இறக்கிச் சுவரோரம் நெருக்கி வைத்து, மரத்தூளால் மூடுங்கள்.

கம்பி பட்டையில் பதிந்துவிட்டது

மேப்பிளின் பட்டை மென்மையானது. மே மாதத்தில் மூன்று வாரம் கவனிக்காவிட்டால், கிளையை வளைக்கச் சுற்றிய கம்பி புதைந்துவிடும், அந்தச் சுருள்தழும்பு பல ஆண்டு தெரியும். சுழற்றிக் கழற்ற முயன்றால் பட்டையோடு வரும். ஒவ்வொரு சுற்றையும் முனைவெட்டியால் தனித்தனியாக வெட்டித் துண்டுதுண்டாக எடுங்கள். உள்ளே முழுதாகப் புதைந்த துண்டு ஒன்றிரண்டு இருந்தால் தோண்ட வேண்டாம். கிளையை இந்தக் கோடையில் ஓடவிட்டுத் தடிக்கச் செய்யுங்கள், தழும்பு மெல்லத் தளரும். அடுத்த முறை கம்பி கட்டும் தேதியைக் குறிப்பேட்டில் எழுதி, அதற்குப் பதினைந்தாம் நாளில் ஒரு குறி போட்டு, அன்று அவிழ்த்துப் பாருங்கள்.